முன்பக்கம் இல்லாத கேமரா

அவனுடைய தொழில் ஒளிந்துகொள்வது. கேட்கிறவர்களிடம் அப்படிச் சொல்ல முடியாது என்பதால் வீடுகளைப் படம் எடுப்பதாகச் சொல்லிக்கொள்வான். அதுவும் உண்மைதான். விற்பனைக்கு வருகிற வீட்டில் ஒவ்வோர் அறையின் நடுவிலும் ஒரு ஸ்டாண்டை நிறுத்தி, அதன் தலையில் கைக்கு அடக்கமான ஒரு கேமராவை மாட்டுவான். அதற்கு இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண். ஒரே அமுக்கில் தரை, கூரை, நாலு சுவர் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வீடு வாங்க நினைக்கிறவர்கள் எங்கோ உட்கார்ந்துகொண்டு விரலால் தள்ளித் தள்ளிச் சுற்றிப் பார்க்கலாம். எல்லாவற்றையும் விழுங்குகிற கேமரா, எடுக்கிறவனை மட்டும் விட்டுவைக்குமா? அதனால் எடுக்கிறவன் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அறையை விட்டு ஓடி, எங்கேயாவது பதுங்கி, அங்கிருந்து பட்டனை அமுக்க வேண்டும். ரொம்ப தூரமும் ஓடக் கூடாது. இரண்டு சுவர் தாண்டினால் கேமராவின் வைஃபை விட்டுப்போகும்.

இந்த ஓட்டத்தில் அவன் கைதேர்ந்தவன். கதவிடுக்கு, திரைச்சீலை, சோபாவின் முதுகு, குளியலறை என்று அவன் பதுங்காத இடம் இல்லை. ஒருமுறை ஒரு பெரிய துணி அலமாரிக்குள் புகுந்துவிட்டான். அதற்குக் கைப்பிடி வெளியே மட்டும்தான் உண்டு என்பது உள்ளே போன பிறகு தெரிந்தது. வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். படம் நன்றாகவே வந்திருந்தது. மற்றவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் காற்று வருமா, வெளிச்சம் இருக்குமா என்று பார்ப்பார்கள். அவன், ஓர் ஆள் மறைகிற அளவுக்குச் சுவர் இருக்கிறதா என்று பார்ப்பான். யாராவது விருந்தாளி வந்தால் சொந்த வீட்டிலும் இதே வேலையைத்தான் பார்க்கிறான் என்று அவன் மனைவிக்கு ஒரு குறை உண்டு.

அன்று காலை அந்த மனைவி, "அந்த நீலச் சட்டையப் போட்டுட்டுப் போங்க," என்றாள்.

"வீட்டைப் படம் எடுக்கப் போறேன். என்னை யாரும் பாக்கப் போறதில்ல."

"அதனால என்ன? போட்டுக்கிட்டாதான் என்ன?"

அவன் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவன் சட்டையைப் பற்றி அவள் வாயைத் திறந்ததில்லை. ஆனால் படம் எடுக்கிறவனுக்குக் கேமராவில் தெரிவதுதான் தெரியும் போலிருக்கிறது. கம்பெனி அனுப்பிய முகவரியைப் பிடித்துக்கொண்டு போனான். லிஃப்ட் இருந்தது, அது வேலையும் செய்தது. மணியை அடித்தான். கதவைத் திறந்தது அவனுடைய அக்கா.

இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். அவன் மூன்று வருஷமாக அவளிடம் பேசவில்லை. அவளும் அப்படியே. அவள் வீடு மாறியது அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. முன்பு இல்லாத கண்ணாடி ஒன்று அவள் முகத்தில் இருந்தது. முன்பக்கத்தில் கொஞ்சம் நரைத்திருந்தாள்.

"வீட்டைப் படம் எடுக்க வந்திருக்கு," என்றான், யாரோ ஒரு மூன்றாம் மனிதனைப் பற்றிச் சொல்வது போல.

"கம்பெனில சொன்னாங்க," என்றாள் அவள், அவன் தோளுக்குப் பின்னால் இருந்த லிஃப்டைப் பார்த்து. பிறகு கதவை அகலமாகத் திறந்துவிட்டு உள்ளே போனாள்.

சண்டைக்குக் காரணமும் ஒரு படம்தான். தன் கல்யாணத்துக்குத் தானே படம் எடுத்த மாப்பிள்ளை அவனாகத்தான் இருப்பான். வேறு யாரையும் நம்பாமல் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, மாலையும் கழுத்துமாக டேப்லெட்டோடு மேடையில் நின்றான். பாதிப் படங்களில் மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் இருப்பான், மணப்பெண்தான் நேராகப் பார்ப்பாள். குடும்பத்தோடு எடுக்கிற படத்துக்கு எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். அக்காவைக் காணவில்லை. பெரியப்பாவோ பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அக்காவை அப்புறம் நிறுத்தி இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று அவன் பட்டனை அமுக்கிவிட்டான். அந்த அப்புறம் வரவேயில்லை. சில மாதங்களில் அப்பா போய்விட்டார். அவர் இருந்த கடைசிப் படம் அதுதான் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று பெரிதாக்கி மாட்டிக்கொண்டார்கள். அக்கா எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் இல்லாத அவள் குடும்பம் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தது.

அப்பா போன அன்று அவள், "அப்பாவோட கடைசிப் படத்துல நிக்கக்கூட என்னை விடலியே," என்றாள். அவன், "உன்னை யாரு அந்த நேரம் பாத்து ஊர் சுத்தப் போகச் சொன்னது?" என்றான். அத்தனை பேர் முன்னால் சொன்னான். அவர்கள் பேசிக்கொண்ட கடைசி வார்த்தைகள் அவைதான். சொன்ன மறு நிமிடமே அது தப்பு என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அப்பா விட்டுப்போனதில் பிடிவாதத்தை மட்டும் இருவரும் சண்டையில்லாமல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். அவற்றுக்கு நடுவிலிருந்து அக்காவின் கணவர், அதாவது அத்தான், கையில் டேப் சுருளோடு எழுந்தார். யார் எதைச் சொன்னாலும் அப்படியே கேட்டு நடக்கிற மனிதர். உதவி செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை அதிகம், அதனால் அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கு வேலையும் அதிகம்.

"அட, வா வா," என்றவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆபீஸ்ல வெளிநாட்டுக்கு மாத்திட்டாங்க. அடுத்த வாரம் கிளம்புறோம். அங்கயே இருந்துடறதா ஏற்பாடு. இந்த வீட்டையும் முடிச்சுட்டா இங்க திரும்பி வர வேலையே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. டேப் சுருளின் நுனியைத் தேட ஆரம்பித்தார். அவன் ஸ்டாண்டை விரித்தான். திரும்பி வர வேலையே இல்லை. இன்றைக்கு வாயைத் திறக்காவிட்டால் இனி ஜன்மத்துக்கும் இல்லை என்று அவனுக்கு நன்றாகப் புரிந்தது. திறக்கத்தான் முடியவில்லை. "எந்த ரூம்லருந்து ஆரம்பிக்கறது?" என்று சுவரிடம் கேட்டான்.

"படுக்கை ரூம்னு சொல்லுங்க," என்றாள் அக்கா, கணவரிடம்.

"படுக்கை ரூம்," என்றார் அத்தான்.

படுக்கை அறையின் நடுவில் கேமரா நின்றது. அவன் தன் வழக்கமான விதிகளைச் சொன்னான். கேமராவுக்கு முன்னால் யாரும் வரக் கூடாது, அமுக்கும்போது யாரும் அசையக் கூடாது, வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் அவனோடு வந்து மறைய வேண்டும். அறையை ஒட்டியிருந்த குளியலறைக்குள் மூன்று பேரும் போனார்கள். ஒருவர் குளிக்கிற அளவுக்குக் கட்டப்பட்ட இடம். அக்கா ஒரு மூலையில், தம்பி ஒரு மூலையில், நடுவில் அத்தான் வாளிக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார். அவனுடைய டேப்லெட்டில் அக்காவின் படுக்கை அறை நீள அகலமாகத் தெரிந்தது. கட்டில் மேல் ஒரு பெட்டி, அதற்கு மேல் மடித்த போர்வை. அமுக்கினான். கேமரா உள்ளே நாலைந்து தடவை கண்ணைச் சிமிட்டியது. யாரும் மூச்சு விடவில்லை.

"மூச்சு விடலாம். சுவருக்கு இந்தப் பக்கம் அசையறது அதுக்குத் தெரியாது," என்றான்.

"டீ வேணுமான்னு கேளுங்க," என்றாள் அக்கா.

"டீ வேணுமா?" என்றார் அத்தான். காது கேட்காதவனுக்குச் சொல்வது போல அவன் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார். மூவருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

"வேணாம்னு சொல்லுங்க."

"வேணாமாம்," என்றார் அத்தான். அவருக்கு இந்த வேலை பிடித்திருந்தது போலத் தோன்றியது.

அடுத்தது சமையலறை. அதற்குப் பின்னால் துணி காயப்போடுகிற பால்கனி. அங்கே மூவரும் குந்தி உட்கார வேண்டியிருந்தது, நின்றால் ஜன்னலில் தலை தெரியும். கொடியில் தொங்கிய ஈரத் துண்டு ஒன்று அவன் தலைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா கையை நீட்டி அதை ஓரமாகத் தள்ளிவிட்டாள். பிறகு, தள்ளியது தான் இல்லை என்பது போலக் கையை மடக்கிக்கொண்டாள். அவன் நன்றி சொல்ல வாயெடுத்தான். சொன்னால் யாரிடம் சொல்வது என்ற குழப்பத்தில் பட்டனை அமுக்கினான். இப்படியே இரண்டாவது படுக்கை அறையும் முடிந்தது. மூன்று அறைகள் போய்விட்டன. பேச வேண்டிய ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. ஹால் மட்டும்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து அத்தானுக்கு ஃபோன் வந்தது. சாமான் ஏற்றுகிறவர்கள் லாரி நிறுத்த இடம் பார்க்க வந்திருந்தார்கள். அவர் கீழே போனார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அக்காவும் தம்பியும் ஹாலில் நின்றார்கள்.

ஹாலில் ஒளிய வழியே இல்லை. எந்தக் கதவுக்குப் பின்னால் நின்றாலும் எதிரே ஒரு கண்ணாடி அலமாரி காட்டிக்கொடுத்தது. மிச்சம் இருந்தது சாமான் அறை. அறை என்பது மரியாதைக்கு. அதற்குள் ஏற்கெனவே பெட்டிகள் கூரை வரை நின்றன. அவன் உள்ளே போய் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றான். அக்காவும் வந்து அதே மாதிரி நின்றாள். கதவை வைஃபைக்கு மட்டும் இடுக்கு விட்டுச் சாத்தினான். அவளுடைய கண்ணாடியில் டேப்லெட் இரண்டு சிறிய டேப்லெட்டுகளாகத் தெரிந்தது. இப்போது சொல்லலாம். அவன் மனதுக்குள் மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தான். மூன்றும் அசிங்கமாக இருந்தன.

அப்போது டேப்லெட்டில் ஹாலின் வாசல் கதவு திறந்தது. அத்தான் வந்தார்.

வந்தவர் ஹாலின் நடுவில் கேமரா தன்னந்தனியாக நிற்பதைப் பார்த்தார். அதன் கண் அவரைப் பார்த்தது. கேமராவுக்கு முன்னால் வரக் கூடாது என்பது விதி. அவர் விதியை மதிக்கிறவர். உடனே உடம்பைக் குறுக்கிக்கொண்டு சுவரோரமாகவே நகர்ந்து கேமராவின் பின்பக்கத்துக்குப் போனார். நிம்மதியாக நிமிர்ந்தார். அங்கேயும் ஒரு கண் இருந்தது. அவர் யோசித்தார். தான் வந்ததைக் கவனித்துக் கேமரா திரும்பிக்கொண்டது என்று முடிவு செய்திருக்க வேண்டும். இன்னும் குனிந்து, இன்னும் வேகமாக, புறப்பட்ட இடத்துக்கே ஓடினார். அங்கே பழைய கண். ஒரு நிமிடம் நின்று அதை ஏமாற்றுவது போல இடது பக்கம் சாய்ந்துவிட்டு வலது பக்கம் போனார். பிறகு முழங்கால் போட்டுத் தவழ்ந்தார். டேப் சுருள் ஒன்று அவர் கையிலிருந்து உருண்டு போனது. அதைப் பிடிக்கப் போகவும் முடியாமல் விடவும் முடியாமல் தரையில் கிடந்தார்.

சாமான் அறைக்குள் அக்காவின் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவன் பயந்தான்.

ஹாலில் அத்தான் எழுந்தார். தப்ப வழியில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சோபாவிலிருந்து ஒரு குஷனை எடுத்தார். சுவரில் முதுகை ஒட்டி, கால்களைச் சேர்த்து வைத்து, குஷனால் முகத்தை மூடிக்கொண்டு விறைப்பாக நின்றுவிட்டார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அடங்காமல் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அவனுக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் பெட்டிகளில் முட்டிக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணில் நீர் வர வரச் சிரித்தார்கள்.

"டேய்," என்றாள் அவள், மூச்சு வாங்க. "அவரைக் கூப்பிடுடா. பாவம்டா."

அந்த 'டேய்' அவன் மேல் வெந்நீர் மாதிரி விழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று வருஷமாக அவனை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற உரிமை உள்ளவள் உலகத்தில் ஒருத்திதான்.

"இரு. கொஞ்ச நேரம் நிக்கட்டும்," என்றான். டேப்லெட்டை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே கேட்டான். "அன்னிக்கு எங்க போயிருந்த?"

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"அப்பாவோட கண்ணாடிய எடுக்கப் போயிருந்தேன்," என்றாள். "ரூம்லயே வெச்சுட்டு வந்துட்டார். கண்ணாடி இல்லாம நின்னா முழிக்கற மாதிரி விழும்மா, போய் எடுத்துட்டு வான்னார். எடுத்துட்டு ஓடி வந்தேன். நீங்கல்லாம் கலைஞ்சு சாப்பிடப் போயிட்டீங்க."

அந்தப் படம் அவன் வீட்டு ஹாலிலும் இருக்கிறது. அதில் அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். வெளிச்சம் அடித்திருக்கும் என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்திருந்தான். அக்கா வருகிறாளா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றான்.

"நீ கேக்கவே இல்லியே. ஊர் சுத்தப் போனேன்னுதானே சொன்ன?"

"தப்புதான்க்கா. அன்னிக்கே தெரியும் தப்புன்னு. வந்து சொல்றதுக்கு மூஞ்சி இல்ல. மன்னிச்சுக்க."

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். டேப்லெட்டில் குஷன் முகக்காரர் கால் மாற்றிக்கூட நிற்காமல் கடமையைச் செய்துகொண்டிருந்தார்.

"கம்பெனிக்காரன் முதல்ல வேற ஒருத்தனைத்தான் அனுப்பினான்," என்றாள் கடைசியில். "வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன். உன் பொண்டாட்டிகிட்ட கேட்டுத்தான் உன் கம்பெனியையே பிடிச்சேன். அப்புறம் உன் பேரைச் சொல்லி, நீதான் வேணும்னு கேட்டேன். நீ வந்தா எதாவது பேசுவேன்னு நெனச்சேன். நீ வந்து சுவத்தப் பாத்துப் பேசற."

"நீ லிஃப்டப் பாத்துதானே பேசின?"

"பேச்ச மாத்தாத. படத்த எடு. அந்த மனுசனுக்கு மூச்சு முட்டப் போவுது."

அவன் கதவைத் திறந்து அத்தானைக் கூப்பிட்டான். "படத்துல விழுந்துட்டேனா?" என்று குஷனுக்குள்ளிருந்து கேட்டார் அவர். இல்லை, இன்னும் அமுக்கவே இல்லை என்றான். அவரையும் பெட்டிகளுக்கு நடுவே திணித்துக்கொண்டு கடைசிப் படத்தை எடுத்தான். மூன்று பேர் நின்றதில் பேச்சுக்கு இடம் இல்லை. அக்காவின் முகம் பெட்டிப் பக்கம் திரும்பியிருந்தது. மன்னித்தாளா இல்லையா என்று அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

வேலை முடிந்துவிட்டது. அவன் ஸ்டாண்டை மடக்கினான். கேமராவைத் துணியில் சுற்றினான். ஒவ்வொன்றையும் தேவைக்கு மேல் நிதானமாகச் செய்தான். இனி பையைத் தோளில் மாட்ட வேண்டும், வருகிறேன் என்று சொல்ல வேண்டும், லிஃப்டில் இறங்க வேண்டும். அதற்கப்புறம் அவள் விமானத்தில் ஏற வேண்டும். அக்கா சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கிளம்புமுன் படங்களைச் சரிபார்ப்பது வழக்கம். டேப்லெட்டில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். படுக்கை அறை, சமையலறை, இரண்டாவது படுக்கை அறை, ஹால். எந்தச் சுவரிலும் நிழல் இல்லை, எந்தக் கண்ணாடியிலும் ஆள் இல்லை. அவன் எடுத்ததிலேயே இவ்வளவு சுத்தமாக வந்தவை குறைவு.

"ஒண்ணுகூடச் சரியா வரல," என்றான்.

"என்னது?" என்றார் அத்தான். "நான் அசையவே இல்லையே."

"எல்லாம் ஆடியிருக்கு. முதல்லருந்து எடுக்கணும்."

அத்தான் எட்டிப் பார்க்க வந்தார். அதற்குள் அக்கா வந்து டேப்லெட்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு நான்கு படங்களையும் ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்த்தாள். கட்டில் மேல் இருந்த பெட்டியில் அவள் கையால் எழுதிய எழுத்துகள்கூடப் பளிச்சென்று தெரிந்தன. தம்பியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அவன் இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை.

"ஆமா. எல்லாம் ஆடியிருக்கு," என்றாள். டேப்லெட்டை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். கணவரிடம், "நீங்க கீழ போயி லாரிக்காரங்களோட இருங்க. இவனுக்கு ரொம்ப நேரம் ஆகும்," என்றாள்.

அத்தான் சொன்னபடி கீழே போனார். அக்கா ஸ்டாண்டை எடுத்து ஹாலின் நடுவில் தானே நிறுத்தினாள். பிறகு சாமான் அறைக்குள் போய், இரண்டு பெட்டிகளைக் காலால் தள்ளி, இரண்டு பேர் உட்காருகிற அளவுக்கு இடம் பண்ணிவிட்டு, "வாடா," என்றாள்.